மிச்சம் ஒருவருக்கு, காத்திருப்பு ஒருவருக்கு

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பின் முதல் பதிப்பை வெளியிட்டன. கணினியின் எந்தப் பாகம் எப்போது உறங்கலாம், எவ்வளவு ஆழமாக உறங்கலாம், அதை யார் எழுப்ப வேண்டும் என்று வகுத்த விதிகள் அவை. இந்த இரண்டு காரியங்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் கூலிமைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்து, அந்தப் பூங்காவுக்குள் வேலைக்குப் போன எங்கள் தலைமுறைக்கு இரண்டும் ஒருசேர வாய்த்தன. என் உத்தியோகத்தின் பெரும்பகுதி அந்த உறக்க விதிகளோடு மல்லுக்கட்டியே கழிந்தது.

நான் எழுதியது டிரைவர். இயக்க முறைமைக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் சிறு மென்பொருள் அது. கேமரா, ஒலி அட்டை, வட்டு, வைஃபை என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒன்று உண்டு. 'படம் எடு' என்று மேலிருந்து கட்டளை வந்தால், எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் கேமரா படம் எடுக்கும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். கேமராவுக்கு இப்போது வேலை இல்லை, மின்சாரத்தைக் குறைக்கலாம் என்பதும் அதற்குத்தான் முதலில் தெரியும். குறைத்தால் மின்கலம் நீடிக்கும், சூடு தணியும். ஆனால் அடுத்த கட்டளை வரும்போது கேமரா எழுந்து கண்ணைக் கசக்கும் வரை யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் அந்த 'யாரோ ஒருவர்' யார் என்ற கேள்வியின் வரலாறுதான்.

இன்ஜின் ரூம்

அந்தக் கேள்வி எனக்குக் கணினியைப் பார்ப்பதற்கு முன்பே அறிமுகம்.

1909இல் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. அதன் பிறகு கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. விக்டோரியா, ஹென்ரியட்டா, டப்ளின், ஹார்வர்ட் என்று பெயர்களெல்லாம் கடல் கடந்தவை. பால் எடுக்க மரம் வெட்டப் போனவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். பட்டணங்களில் மின்விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் பல தோட்டங்களுக்கு வெளியிலிருந்து கம்பி வரவில்லை. மத்திய மின்சார வாரியம் 1949இல் தொடங்கி, 1965இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. அந்தக் கம்பி லயத்து வாசலுக்கு வரும்வரை தோட்டத்துக்கு வெளிச்சம் தந்தது ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த டீசல் ஜெனரேட்டர்.

பாடாங் செராய்க்கும் லூனாசுக்கும் இடையில் இருந்த எங்கள் தோட்டத்தில் அந்தி ஏழு மணிக்கு இன்ஜின் ஓடும், இரவு பத்துக்கு நிற்கும். விடியற்காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் மறுபடி ஓடும். இன்ஜின் டிரைவராக இருந்தவர் பக்கத்து லயத்துப் பெரியப்பா. நிறுத்துவதற்குச் சற்று முன்பு விளக்கை ஒருமுறை மங்க வைத்து மறுபடி பிரகாசமாக்குவார். அந்த இடைவெளியில் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுக்க வேண்டும், சாப்பாட்டுத் தட்டைக் கழுவ வேண்டும், பாடம் எழுதுகிறவன் கடைசி வரியை முடிக்க வேண்டும். துரை பங்களாவுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அங்கே விளக்கு எப்போது அணையும் என்பதைத் துரைதான் முடிவு செய்வார்.

லயத்தில் அந்தப் பத்து மணி விதிக்கு இரண்டு விலக்குகள் இருந்தன. மாரியம்மன் திருவிழா நாளில் கோவில் தலைவர் ஆபீசில் எழுதிக் கொடுப்பார். எந்தத் தேதி, இரவு எத்தனை மணி வரை, டீசல் செலவு யார் பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும். முடியும் நேரம் குறிக்காத கடிதத்தை ஆபீஸ் எழுத்தரான கிராணி வாங்க மாட்டார். மற்றது அவசரம். நடுநிசியில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஆளனுப்புவார். பெரியப்பா எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடி, குளிர்ந்து கிடக்கும் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பி வெளிச்சம் வருவதற்குள் பல நேரம் குழந்தை பிறந்துவிட்டிருக்கும்.

மிச்சமான டீசல் தோட்டக் கணக்கில் வரவானது. இருட்டு லயத்துக் கணக்கில் ஏறியது. பின்னாளில் டிரைவர்களில் நான் கண்ட சிக்கல்களுக்கெல்லாம் அந்த இன்ஜின் ரூமில் ஒரு முன்மாதிரி இருந்தது.

தோட்டத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு

1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் தொழிற்சாலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் அமைத்த முதல் உற்பத்திக் கூடம் அது. அதற்குப் பிறகு வடக்கு மாநிலங்களின் விடியற்காலை மாறிப்போனது. பால்வாளியோடு போனவர்களின் மகள்கள் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றார்கள். தென் கெடாவிலிருந்து பட்டர்வொர்த் வழியாகக் கடலைக் கடந்து போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் பெருகினார்கள். 1996இல் கூலிம் பூங்கா வந்ததும் அந்தப் பயணம் பலருக்குச் சுருங்கியது. இன்டெல் அங்கேயும் வந்தது, சில்டெரா சிலிக்கான் வேஃபர்களில் சில்லு தயாரிக்கத் தொடங்கியது, 2006இல் இன்ஃபினியோன் தன் ஆலையைத் திறந்தது. இன்ஃபினியோன் கூலிமில் செய்வது மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் சில்லுகள். அதாவது, எங்கள் ஊர்க்காரர்கள் செய்யும் பொருளின் வேலையே மின்சாரத்தை வீணாக்காமல் பகிர்வதுதான்.

நான் பல்கலைக்கழகம் முடித்துக் கூலிமில் சேர்ந்தபோது மடிக்கணினி பெரும் வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டார்கள். எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை.

பயோஸ் காலமும் அதன் பின்னும்

1992இல் இன்டெலும் மைக்ரோசாப்டும் கொண்டுவந்த ஏபிஎம் என்ற ஏற்பாட்டில் உறக்கத்தின் பெரும்பங்கு, கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளின் கையில் இருந்தது. விசை தட்டப்படவில்லை, வட்டு அசையவில்லை என்று அது தன் போக்கில் நேரத்தை எண்ணி, கெடு முடிந்ததும் அணைக்கும். மேலே பயனர் நீண்ட ஆவணம் படித்துக்கொண்டிருக்கிறாரா, பிரிண்டருக்குக் கோப்பு போய்க்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பத்து மணி ஆனதா, இன்ஜினை நிறுத்து என்ற அதே நிர்வாகம்தான்.

ஏசிபிஐ அந்த அதிகாரத்தை இயக்க முறைமையிடம் மாற்றியது. ஒவ்வொரு கருவிக்கும் டி0 முதல் டி3 வரை நிலைகள். டி0 முழு விழிப்பு, டி3 ஏறத்தாழ அணைந்த நிலை. எந்த நிலைக்கு எப்போது போவது என்ற முடிவு இப்போது டிரைவர் வழியாக நடக்க வேண்டும். அதுவரை கருவியை இயக்கத் தெரிந்தால் போதும் என்றிருந்த டிரைவர் எழுத்தாளர்கள், அதை உறங்க வைக்கவும் எழுப்பவும் கற்க வேண்டியதாயிற்று. எழுப்புவதுதான் கடினம். உறங்கும்போது கருவி தன் பதிவேடுகளை மறந்துவிடக்கூடும். ஒவ்வொன்றையும் சரியான வரிசையில் திரும்ப எழுதி, கடிகாரம் நிலைப்படும் வரை பொறுத்து, பிறகே வேலை கொடுக்க வேண்டும்.

எத்தனை நேரம் சும்மா இருந்தால் உறங்க வைக்கலாம்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கருவி விழித்துச் சும்மா இருக்கும்போது அரை வாட் இழுக்கிறது, உறக்கத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லை, ஒருமுறை உறங்கி எழ ஒரு ஜூல் செலவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விநாடிக்கு மேல் உறங்கினால் லாபம், அதற்குள் எழுப்பிவிட்டால் நட்டம். அடுத்த வேலை எப்போது வரும் என்பது தெரியாததால் சும்மா இரண்டு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு உறங்கப் போவது நல்ல தந்திரம். எதிர்காலத்தை முன்கூட்டி அறிந்தவர் செய்யும் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகவே போகாது என்று கணித முறையில் நிறுவியிருக்கிறார்கள்.

அழகான கணக்கு. ஆனால் அதில் இருப்பது மின்சாரம் மட்டும். எதிரே காத்திருக்கிறவரின் நேரம் அதில் எங்கும் வரவில்லை.

அணைந்த முதல் எழுத்து

2007ஆம் ஆண்டை எங்கள் தொழிலில் ஒரு திருப்பம் என்பேன். அதற்கு முன்பு லினக்ஸ் இயக்க முறைமையின் உட்கருவான கர்னல், வேலை இருக்கிறதோ இல்லையோ, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கடிகாரத் தட்டலுக்கு எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுக்கும். அந்த ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பு வேலையில்லாத நேரத்தில் அந்தத் தட்டலை நிறுத்த வழி செய்தது. அடுத்த மாதமே இன்டெல் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. எந்த நிரல், எந்த டிரைவர் கணினியை வீணாக எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டியது. உலகமெங்கும் டிரைவர் எழுதுகிறவர்கள் தங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வராமல் பார்த்துக்கொள்ள முண்டியடித்தார்கள்.

அந்த ஆர்வத்துக்கு யுஎஸ்பி கருவிகள் விலை கொடுத்தன. இரண்டு விநாடி சும்மா இருந்தால் கருவியை உறங்க வைப்பது என்று லினக்ஸ் முதலில் வைத்திருந்தது. யுஎஸ்பி விதிப்படி, உறங்கும் கருவியை எழுப்பக் குறைந்தது 20 மில்லிவிநாடி சைகை தர வேண்டும், பிறகு அது தெளிய 10 மில்லிவிநாடி விட வேண்டும். காகிதத்தில் இது ஒன்றுமில்லை. நடப்பில் பல கருவிகள் எழவே மறுத்தன, சில தங்கள் பெயரையே மறந்து புதிதாகச் சேர்ந்தவைபோல அறிமுகம் சொல்லின. கடைசியில் ஹப்களைத் தவிர மற்றவற்றுக்கு அந்த வசதியை இயல்பாகவே அணைத்து வைக்க வேண்டியதாயிற்று. விருப்பப்பட்டவர் 'ஆட்டோ' என்று எழுதிக் கொடுத்தால் உறங்கும், 'ஆன்' என்றிருந்தால் விழித்திருக்கும்.

ஒலி அட்டையின் கதை வேறு. அது ஒழுங்காக எழும், ஆனால் மெதுவாக எழும். அந்நாளில் என் மடிக்கணினியில் மின்னல் எஃப்எம் செய்தித் துணுக்கைத் திறந்தால் 'ணக்கம்' என்றுதான் தொடங்கும். வகரம் ஒலிக்கும் நேரத்தில் ஒலிச்சில்லு நிலைப்பட்டுக்கொண்டிருக்கும். என் மாமியாருக்கு அது பழகிப்போய்விட்டது. அறிவிப்பாளருக்குப் பல்லில் ஏதோ கோளாறு என்றே கடைசிவரை நம்பினார்.

டீ டைமுக்குப் பிந்திய போர்டு

தொழிற்சாலையில் இது சிரிப்பாக முடிவதில்லை. ஒரு ஒப்பந்த உற்பத்திக் கூடத்தில் சோதனைப் பிரிவுக்கு நான் உதவிக்குப் போயிருந்தேன். கன்வேயரில் வரும் சர்க்யூட் போர்டைக் கேமரா படம் எடுக்கும். ஈயப் பற்று சரியாக இருக்கிறதா என்று மென்பொருள் பார்த்து, கோளாறானதை ஒதுக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் சில நல்ல போர்டுகள் காரணமின்றி ஒதுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பொறியாளர்கள் வெளிச்சத்தை மாற்றினார்கள், லென்சை மாற்றினார்கள், பயனில்லை.

அந்த வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவர் பாடாங் செராயிலிருந்து வரும் ஓர் அக்கா. தாய் தந்தை இருவரும் மரம் வெட்டியவர்கள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, டீ குடிச்சிட்டு வந்து லைன ஓட்டுனா, மொத போர்டத்தான் இது வேணாங்குது லா. ரெண்டாவதுலேர்ந்து நல்லாத்தான் இருக்கு."

"எல்லா நாளுமா அக்கா?"

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சாலும் அதேதான். நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாரு."

பச்சை அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு. தேதி, மணி, போர்டு எண் மூன்றும் நேர்கோட்டில். அதைக் கணினிப் பதிவோடு பொருத்திப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. இடைவேளையில் கேமராவை டிரைவர் உறங்க வைத்திருந்தது. முதல் போர்டு வந்ததும் எழுப்பியது. கேமரா எழுந்தது உண்மை, ஆனால் அதன் உணரி வெளிச்சத்துக்குப் பழகும் முன்பே முதல் படம் எடுக்கப்பட்டுவிட்டது. இருண்ட படத்தைப் பார்த்த மென்பொருள் போர்டில் பற்று இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. மிச்சமானது அரை வாட்டுக்கும் குறைவான மின்சாரம், சுவரில் செருகியிருந்த ஒரு கணினியில். வீணானது ஒவ்வோர் இடைவேளைக்கும் ஒரு நல்ல போர்டு, அதோடு அந்த வரிசையில் நிற்கிற பெண்களின் பெயரில் ஏறிய ரிஜெக்ட் கணக்கு.

தீர்வு எளிது. கன்வேயரின் தலைப்பக்கம் ஏற்கெனவே ஓர் உணரி இருந்தது. போர்டு அங்கே நுழைந்ததும் கேமராவை எழுப்பச் சொன்னோம். கேமராவுக்கு அடியில் போர்டு வந்து சேர்வதற்குள் அது முழுதாகத் தெளிந்திருக்கும். முதலில் வரும் இரண்டு படங்களைத் தூக்கி எறியும்படியும் செய்தோம். ஷிப்ட் முடிந்த பிறகு வழக்கம்போல உறங்கலாம். மின்சாரமும் மிஞ்சியது, போர்டும் மிஞ்சியது. உறங்குவது தவறில்லை. யார் வருகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாமல் உறங்குவதுதான் தவறு.

காத்திருப்பவரின் கடிதம்

இதே பாடத்தை லினக்ஸ் உலகம் தன் வழியில் கற்றது. 2008 ஏப்ரலில் வந்த 2.6.25 பதிப்பில், இன்டெலைச் சேர்ந்த மார்க் கிராஸ் எழுதிய பிஎம் க்யூஓஎஸ் என்ற ஏற்பாடு சேர்ந்தது. ஒரு நிரல் 'என்னால் இத்தனை மைக்ரோவிநாடிதான் காத்திருக்க முடியும்' என்று கர்னலிடம் எழுதிக் கொடுக்கலாம். பலர் எழுதிக் கொடுத்தால் அவற்றுள் மிகக் கடுமையானதைக் கர்னல் மதிக்கும். கோரிக்கை எழுதிய கோப்பு திறந்திருக்கும் வரைதான் அது செல்லும். நிரல் முடிந்தாலும், கெட்டுப்போய் விழுந்தாலும், கோப்பு மூடும், கோரிக்கை தானாக ரத்தாகும். எங்கள் கிராணி அதை வாசித்திருந்தால் மெச்சியிருப்பார்.

கடிதத்துக்கு மதிப்பு வர வேண்டுமானால், எழ எவ்வளவு நேரம் ஆகும் என்ற உண்மையை மறுபக்கமும் சொல்ல வேண்டும். இன்டெல் செயலிகளுக்கான லினக்ஸ் டிரைவரில் ஒவ்வோர் உறக்க நிலைக்கும் எழும் நேரம் அட்டவணையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஹாஸ்வெல் தலைமுறையில் மிக மெல்லிய உறக்கத்திலிருந்து எழ 2 மைக்ரோவிநாடி, மிக ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழ 2,600. இந்த எண்கள் இருப்பதால்தான் 100 மைக்ரோவிநாடிக்கு மேல் பொறுக்க முடியாது என்கிற நிரலுக்காகக் கர்னல் ஆழ்ந்த நிலைகளைத் தவிர்க்க முடிகிறது. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில் ரஃபேல் விசாக்கி உருவாக்கிய ரன்டைம் பிஎம் சேர்ந்த பிறகு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தனித்தனிக் கருவிகளை உறங்க வைக்கப் பொதுவான சட்டகம் கிடைத்தது.

ஆண்ட்ராய்டு எதிர்த்திசையிலிருந்து வந்தது. அங்கே கைப்பேசி உறங்குவதுதான் இயல்பு. விழித்திருக்க விரும்பும் நிரல் 'வேக்லாக்' வாங்க வேண்டும். 2009இலிருந்து அதைக் கர்னலில் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரும் விவாதம் நடந்து, 2012இல் 3.5 பதிப்பில் மாற்று வடிவம் ஒன்று இடம்பெற்றது. வேக்லாக்கின் பலவீனம் அனைவருக்கும் தெரிந்தது: வாங்கிய நிரல் திருப்பித் தர மறந்தால், பையில் கிடக்கிற கைப்பேசி விடியும்வரை சூடாகிக் கிடக்கும். முடியும் நேரம் குறிக்காத கடிதம் அது.

எல்லாம் தெளிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2017இல் 4.11 பதிப்பு என்விஎம்இ வட்டுகளைத் தானாக உறங்க வைக்கத் தொடங்கியபோது, சில மடிக்கணினிகளில் சில வட்டுகள் ஆழ்ந்த நிலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவற்றுக்கு விலக்குப் பட்டியல் எழுத வேண்டி வந்தது. தன் உறக்கத்தைப் பற்றி வன்பொருள் சொல்வதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

கூலிமில் வேலை நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியோன் அங்கே சிலிக்கான் கார்பைட் சில்லுகளுக்கான புதிய ஆலையைத் திறந்தது. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் இன்று டிரைவர் எழுதுகிறார்கள், சோதிக்கிறார்கள், உலகம் முழுதும் ஓடும் கர்னலுக்குத் திருத்தம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் நான் வேண்டுவது மூன்று. உங்கள் கருவி எழும் நேரத்தை நீங்களே அளந்து, சராசரியை விட்டுவிட்டு மிக மோசமான எண்ணை எழுதுங்கள். உறங்க வைக்கும் கெடுவை முடிவு செய்யும் கூட்டத்தில், எதிரே காத்திருக்கப் போகிறவர் சார்பாகப் பேச ஒருவரை உட்கார வையுங்கள். அந்த ஒருவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை, பச்சை அட்டை நோட்டு வைத்திருக்கிற அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று அறிக்கை எழுதும்போது, அதற்காக யார் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது எண் இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள்.